பள்ளிக் கட்டடப் பழுதுபார்ப்பு நிதி ஏன் எப்போதும் கடைசி வரிசையில் நிற்கிறது

2018ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியர் அறைக்கு மேலிருந்த கூரை இடிந்து விழுந்தது. விடுமுறை நாள் என்பதால் உள்ளே யாரும் இல்லை. அந்தக் கூரை 'ராக்' என்று சுருக்கமாக அழைக்கப்படும், கம்பியிட்ட காற்றூட்டிய கான்கிரீட் பலகைகளால் ஆனது. எடை குறைவு, விலை மலிவு, விரைவாகக் கட்டிவிடலாம் என்ற காரணங்களுக்காக 1950கள் முதல் 1990கள் வரை பிரிட்டனில் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் தாராளமாகப் பயன்படுத்தப்பட்ட பொருள் அது. கென்ட்டில் அது விழுவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்புதான் வெளியே தெரியும் அறிகுறிகளைக் காட்டியது. 2019 மே மாதத்தில் கட்டமைப்புப் பாதுகாப்பு வல்லுநர் குழு ஒன்று இந்தப் பலகைகளைப் பற்றி எழுத்து மூலம் எச்சரித்தது. அரசு விழித்துக்கொண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் உரிய அறைகளை உடனே மூடச் சொன்னது 2023 ஆகஸ்டு 31 அன்று. புதிய கல்வியாண்டு தொடங்க அப்போது ஒரு சில நாள்களே இருந்தன.

அந்த நாள்களில் எல்லோரும் கான்கிரீட்டைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டவை, அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையில் இருந்த மூன்று தொகைகள். பள்ளிக் கட்டடங்களைப் பராமரிக்கவும் மிக மோசமான ஆபத்துகளைக் குறைக்கவும் ஆண்டுக்கு 530 கோடி பவுண்டு தேவை என்று கல்வித்துறை 2020இல் கணக்கிட்டிருந்தது. நிதித்துறையிடம் அது கேட்டது ஆண்டுக்குச் சராசரியாக 400 கோடி. நிதித்துறை கொடுத்தது 310 கோடி. கேட்டதைவிடக் கொடுத்ததில் 90 கோடி குறைவு இருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம். அதைவிடப் பெரிய தொகையான 130 கோடி, கோரிக்கை மேசையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே காணாமல் போயிருக்கிறது என்பதைத்தான் நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். கேட்டால் கிடைக்காது என்று பழகிப்போன துறை, குறைத்துக் கேட்கவும் பழகிவிடுகிறது. அந்தத் துறையின் முன்னாள் தலைமைச் செயலரான ஜோனதன் ஸ்லேட்டர் 2023 செப்டம்பரில் வெளிப்படையாகச் சொன்னதும் இதே கதைதான். ஆண்டுக்கு 300 முதல் 400 பள்ளிகளை இடித்துக் கட்ட வேண்டியிருந்தது, பணம் கிடைத்தது 100 பள்ளிகளுக்கு, 2021இல் அதுவும் 50ஆகக் குறைக்கப்பட்டது.

ஆகவே பணப் பற்றாக்குறை என்ற ஒற்றைச் சொல்லில் இந்த விஷயத்தை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. பற்றாக்குறை உண்மைதான். ஆனால் அந்தப் பற்றாக்குறை எல்லாச் செலவுகளின் மீதும் சமமாக விழுவதில்லை என்பதும், பழுதுபார்ப்புச் செலவின் மீது மட்டும் திரும்பத் திரும்ப விழுகிறது என்பதும் தற்செயல் அல்ல. பல நாடுகளில் பள்ளியின் பழுதுபார்ப்பு நிதி, ஒவ்வொரு முறையும் மனு எழுதிக் கேட்டு வாங்க வேண்டிய ஒன்றாகவே வைக்கப்பட்டிருக்கிறது. ஆசிரியர் சம்பளத்தை யாரும் மனுப்போட்டு வாங்குவதில்லை. கேட்டால்தான் வரும் என்று வைக்கப்பட்ட பணம், நெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படும் பணமாகிவிடுகிறது.

அரசுக் கணக்கு எழுதும் முறையிலேயே இதன் வேர் இருக்கிறது. புதிய கட்டடம் மூலதனச் செலவு. அதற்குக் கடன் வாங்கலாம், பத்திரம் வெளியிடலாம், சொத்து உருவானதாகக் கணக்கில் காட்டலாம். இருக்கிற கட்டடத்தின் கூரை ஒழுகலை அடைப்பது வருவாய்ச் செலவு; ஆண்டு வருமானத்திலிருந்து, சம்பளமும் மின்கட்டணமும் ஓய்வூதியமும் போன பிறகு மிஞ்சியதிலிருந்து, அதைச் செய்ய வேண்டும். மிஞ்சுவது எவ்வளவு என்பதை எந்த நிதி அலுவலரையும் கேட்டுப் பாருங்கள். இதோடு அரசியலும் சேர்ந்துகொள்கிறது. புதிய வகுப்பறைக்கு அடிக்கல் நாட்டலாம், திறப்பு விழா நடத்தலாம், பெயர் பொறித்த கல்வெட்டு வைக்கலாம். மழைநீர்க் குழாயை மாற்றியதற்கு நாடா வெட்டிய அமைச்சர் எந்த நாட்டிலும் இல்லை. பழுதைத் தள்ளிப்போடுவதன் ஆதாயம் இந்த ஆண்டு பட்ஜெட்டில் தெரிகிறது. அதன் விலையைக் கொடுக்கப்போவது பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நாற்காலியில் இருக்கும் வேறொருவர்.

அந்த விலை எப்படி ஏறுகிறது என்பதைக் கூரையின் மேல் ஏறி நின்று பார்த்தால்தான் புரியும். கட்டடப் பராமரிப்பில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், எந்தப் பள்ளிக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது மொட்டை மாடியின் மூலையில் மழைநீர் இறங்கும் துளையைத்தான். அதில் சருகும் மண்ணும் அடைத்திருந்தால், கீழே எந்த அறையில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதைப் படியிறங்குவதற்கு முன்பே ஓரளவு ஊகித்துவிடலாம். வடிய வழியில்லாமல் தேங்கிய நீர் தளத்தின் மேல்பூச்சில் உள்ள மயிரிழை விரிசல்கள் வழியாக மெல்ல இறங்குகிறது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உட்புகுந்து அந்தக் காரத்தன்மையைக் குறைத்துவிட்ட இடத்தில், ஈரம் வந்து சேர்ந்ததும் கம்பி துருப்பிடிக்கத் தொடங்குகிறது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். இடமில்லாத இடத்தில் அது வீங்குவதால், கம்பி போகும் பாதையிலேயே நேர்கோடாக விரிசல் விழுகிறது. வகுப்பறையில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு முதலில் தெரிவது மஞ்சள் படிந்த ஓதக் கறை மட்டுமே. அதற்கு வெள்ளையடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சிறிய சுத்தியலால் அந்த இடத்தைத் தட்டிப் பார்த்தால், கெட்டியான ஓசைக்குப் பதிலாகப் பொள்ளலான ஓசை வரும். அடிப்பகுதிக் கான்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்துவிட்டது, எந்த நேரமும் பெயர்ந்து விழலாம் என்று அதற்குப் பொருள்.

துளையை அடைத்த சருகை அள்ளுவதற்கு ஒரு ஆளின் அரை நாள் கூலி போதும். மேல்பூச்சைப் புதுப்பிப்பது ஒரு நடுத்தரச் செலவு. துருவேறிய கம்பியைச் சுரண்டி, புதுக் கம்பி கட்டி, தளத்தைத் தாங்குகால் கொடுத்துச் சீரமைப்பது பெருஞ்செலவு. அதையும் தாண்டினால் இடித்துக் கட்டுவதைத் தவிர வழியில்லை. டி சிட்டர் என்ற டச்சுப் பொறியியலாளர் 1984இல் இதை 'ஐந்தின் விதி' என்று சொல்லி வைத்தார். கட்டும்போதே ஒழுங்காகச் செய்வதற்கு 1 செலவானால், அதைச் செய்யாமல் விட்டுத் தடுப்புப் பராமரிப்பில் சரிக்கட்ட 5, பழுதான பின் சரிசெய்ய 25, முற்றிலும் கெட்டபின் மீட்க 125 ஆகும் என்பது அவர் கணக்கு. இந்த எண்களைத் தராசில் நிறுத்த எடையாக நான் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஏறும் திசையும் வேகமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் என்பதைக் களத்தில் இருப்பவர்கள் மறுக்கமாட்டார்கள்.

அப்படியானால் ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்? இதற்கும் விடை புதிதல்ல. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 1990இலேயே, பொதுக் கட்டடங்களை இன்றைய விலையில் மறுபடி கட்டுவதற்கு ஆகும் தொகையில் 2 முதல் 4 விழுக்காட்டை ஆண்டுதோறும் வழக்கமான பராமரிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் ஒதுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஏற்கெனவே சேர்ந்துபோன பழுதுகளைத் தீர்ப்பதற்கான பணம் இதில் சேராது என்பதைக் கவனிக்க வேண்டும். பரிந்துரை வந்து 5 ஆண்டுகள் கழித்து, 1995இல், அமெரிக்கப் பள்ளிகளை நல்ல நிலைக்குக் கொண்டுவர 11,200 கோடி டாலர் வேண்டும் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு கணக்கிட்டது. அதே அமைப்பு 2020இல் மீண்டும் ஆய்வு செய்தபோது, பாதிக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகள்) ஒன்றுக்கு மேற்பட்ட கட்டட அமைப்புகளை மாற்றவோ புதுப்பிக்கவோ வேண்டிய நிலையில் இருந்தன. வெப்பமூட்டல், காற்றோட்டம், குளிரூட்டல் சாதனங்களில் மட்டும் ஏறக்குறைய 36,000 பள்ளிகளுக்கு வேலை தேவைப்பட்டது. இரண்டு அறிக்கைகளுக்கும் நடுவே 25 ஆண்டுகள். இடையில் பொருளாதாரம் செழித்த ஆண்டுகளும் உண்டு, சரிந்த ஆண்டுகளும் உண்டு.

இனி, கையில் இருக்கும் பணத்தை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். மொத்தத் தொகையைப் பற்றிய விவாதத்தின் சத்தத்தில் இது காதில் விழாமலே போய்விடுகிறது. இங்கிலாந்தில் ஒரே நிர்வாகத்தின் கீழ் பல பள்ளிகளை நடத்தும் பெரிய பள்ளிக் குழுமங்களுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் ஒரு வாய்பாட்டின்படி பராமரிப்பு நிதி தானாகவே வந்துவிடுகிறது. சிறிய குழுமங்களும் தனித்து இயங்கும் பள்ளிகளும் ஆண்டுதோறும் ஒரு நிதியத்துக்கு விண்ணப்பித்துப் போட்டியிட வேண்டும். விண்ணப்பம் என்றால் ஒரு பக்கக் கடிதம் அல்ல. அளவாய்வு அறிக்கை, படங்கள், செலவு மதிப்பீடு, மாற்று வழிகளின் ஒப்பீடு என்று ஒரு கத்தை. இதை எழுதித் தருவதற்கென்றே ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. விளைவாக, எந்தக் கூரை அதிகம் ஒழுகுகிறது என்பதோடு எந்த விண்ணப்பம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்பதும் சேர்ந்தே பணத்தின் திசையைத் தீர்மானிக்கிறது. நிர்வாகத்துக்கு ஆள் போதாத பள்ளிதான் கட்டடத்தையும் கவனிக்க ஆளில்லாத பள்ளி. அதே பள்ளிதான் விண்ணப்பத்திலும் பின்தங்குகிறது. போட்டி முறையை நியாயமானது என்று சொல்பவர்கள் இந்த ஒரு இடத்தை எப்படிக் கடக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அரிசோனாவின் அனுபவம் இதைவிடப் பாடமானது. அந்த அமெரிக்க மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1994இல், உள்ளூர்ச் சொத்து வரியை நம்பிப் பள்ளிக் கட்டடங்களுக்கு நிதி அளிக்கும் முறை மாநில அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று தீர்ப்பளித்தது. 1998இல் மாநிலம் ஒரு புதிய சட்டம் இயற்றி, கட்டடத்தின் வயதையும் அதை மறுபடி கட்ட ஆகும் செலவையும் வைத்துக் கணக்கிட்டு ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் புதுப்பித்தல் நிதி தானாகப் போய்ச் சேரும்படி வாய்பாடு ஒன்றை ஏற்படுத்தியது. காகிதத்தில் இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் சட்டமன்றம் அந்த வாய்பாடு சொன்ன தொகையை முழுமையாகக் கொடுக்கவில்லை. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு வாய்பாடே கைவிடப்பட்டு, பழுதான பின் விண்ணப்பித்துப் பெறும் மானியமாக அது சுருங்கியது. 2017இல் பள்ளி மாவட்டங்கள் மறுபடியும் நீதிமன்றப் படியேறின. தானாக வரும் பணத்தை மனுப்போடும் பணமாக மாற்றுவதுதான் செலவைக் குறைக்கும் மிகச் சுலபமான வழி என்பதை அங்கே யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை, செய்து காட்டிவிட்டார்கள்.

தானாக வருவது மட்டும் போதாது. எதை அளந்து வருகிறது என்பதும் முக்கியம். இந்தியாவில் சமக்ர சிக்‌ஷா திட்டத்தின் கீழ் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் தரப்படும் கூட்டுப் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையை வைத்தே கணக்கிடப்படுகிறது: 30 பேர் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய், 1,000 பேருக்கு மேல் இருந்தால் 1 லட்சம் ரூபாய். சுண்ணக்கட்டி, மின்கட்டணம், இணையம், ஆய்வகப் பொருள்கள், தூய்மைப் பணி எல்லாம் போகக் கட்டடத்தின் சிறு பழுதுகளுக்கும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். பெரிய பழுது என்றால் தனியாக முன்மொழிவு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். தலை எண்ணிக்கை புத்தகத்துக்குச் சரியான அளவுகோல். கூரைக்கு அது பொருந்தாது. 25 பேர் படிக்கும் 60 ஆண்டுப் பழமையான கட்டடத்தின் கூரைப் பரப்பும், 90 பேர் படிக்கும் 10 ஆண்டுக் கட்டடத்தின் கூரைப் பரப்பும் ஒன்றாகவே இருக்கலாம். மழை இரண்டின் மீதும் ஒரே அளவில்தான் பெய்கிறது. ராஜஸ்தானின் ஜலாவர் மாவட்டத்தில் 2025 ஜூலை 25 அன்று ஒரு கிராமத்து அரசுப் பள்ளிக் கட்டடம் இடிந்து 7 குழந்தைகள் இறந்தார்கள். அதுவும் மழைக்காலம்.

நியூசிலாந்து இதில் வேறு வழியில் போகிறது. அங்கே அரசுப் பள்ளி ஒவ்வொன்றும் 10 ஆண்டுகளுக்கான சொத்துத் திட்டம் ஒன்றை வைத்திருக்க வேண்டும். அதைச் செயல்படுத்த 5 ஆண்டுகளுக்கான தொகை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுவிடுகிறது. உடல்நலமும் பாதுகாப்பும் முதலில், அடிப்படைக் கட்டமைப்பு அடுத்து, மற்ற மேம்பாடுகள் அதற்குப் பிறகுதான் என்று செலவின் வரிசையும் விதியிலேயே இருக்கிறது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து கட்டப்பட்ட பல பள்ளிகள் மழைநீர் உட்புகும் கட்டடங்களாக மாறி அந்நாட்டுக்குப் பெருஞ்செலவு வைத்ததை எண்ணிப் பார்த்தால், இந்த முறையும் எல்லாவற்றையும் தடுத்துவிடுவதில்லை. ஆனாலும் அடுத்த 5 ஆண்டுகளில் கையில் எவ்வளவு இருக்கும் என்று ஒரு தலைமையாசிரியருக்குத் தெரிந்திருப்பதே பெரிய விஷயம். கூரையை இரண்டாம் ஆண்டிலும் மின்கம்பிகளை நான்காம் ஆண்டிலும் செய்துகொள்ளலாம் என்று அவரால் வரிசைப்படுத்த முடிகிறது. ஆண்டு முடிவில் திடீரென்று வரும் பணத்தை வைத்து யாரும் இப்படித் திட்டமிட முடியாது. மார்ச் மாதக் கடைசியில் சுவருக்கு வண்ணம் பூசத்தான் அது உதவும்.

உள்ளூர் வரியா, மாநில நிதியா, மத்திய நிதியா என்ற கேள்வி கொஞ்சம் சிக்கலானது. உள்ளூர் வரியை மட்டும் நம்பினால் வசதியான வட்டாரத்தில் பள்ளி பளபளக்கும், ஏழை வட்டாரத்தில் இற்றுப்போகும். சொத்து மதிப்புக் குறைவான இடத்தில் வரி விகிதத்தை எவ்வளவு உயர்த்தினாலும் திரளும் தொகை சிறியது. மேலிருந்து மட்டும் பணம் வந்தால், இற்றுப்போன பிறகு புதிதாகக் கட்டித் தருவார்கள் என்ற எதிர்பார்ப்பில் உள்ளூரில் அக்கறை குறைவதும் உண்டு. ஒஹாயோ மாநிலம் 1997இல் தன் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பின் ஏற்படுத்திய முறையில் இரண்டுக்கும் விடை இருப்பதாக எனக்குப் படுகிறது. பள்ளி மாவட்டங்களைச் செல்வ வரிசையில் அடுக்கி, மிக ஏழை மாவட்டத்துக்கு முதலில், மிகப் பெரிய பங்கையும் மாநிலமே தந்து கட்டுகிறது. ஆனால் அப்படிப் பெறும் மாவட்டம், வரிக்குரிய மதிப்பில் ஒவ்வொரு 1,000 டாலருக்கும் 50 சென்ட் வீதம் 23 ஆண்டுகளுக்குத் தனி வரி வசூலித்து, அந்தக் கட்டடங்களின் பராமரிப்புக்கென்றே ஒதுக்கிவைக்க வேண்டும். கட்டுவதற்கான கையெழுத்தும் காப்பதற்கான கையெழுத்தும் ஒரே நாளில் வாங்கப்படுகின்றன. மற்ற இடங்களும் இதைப் பின்பற்றலாம்.

பணம் கிடைத்தும் செலவாகாமல் போகும் கதையையும் சொல்லாமல் விடக்கூடாது. 2018 ஜனவரிக் கடுங்குளிரில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் பள்ளிகளில் வெப்பமூட்டிகள் செயலிழந்து, குழந்தைகள் கனத்த மேலங்கிகளோடு வகுப்பில் உட்கார்ந்திருந்த படங்கள் பரவின. அதைத் தொடர்ந்து வெளிவந்த செய்தி இன்னும் கசப்பானது: முந்தைய ஆண்டுகளில் அதே பள்ளிகளின் பழுதுபார்ப்புக்கென்று மாநிலம் ஒதுக்கிய 6 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை, வேலைகள் தாமதமானதாலும் மதிப்பீட்டைத் தாண்டியதாலும் திரும்பப் போயிருந்தது. இதைத் திறமையின்மை என்று மட்டும் சொல்லிவிடுவது எளிது. பள்ளியில் பெரிய வேலை செய்ய நீண்ட விடுமுறை மட்டுமே வாய்ப்பான காலம். மதிப்பீடு, தொழில்நுட்ப ஒப்புதல், நிர்வாக ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று கோப்பு நகரும் வேகத்தில் அந்த விடுமுறை ஒருமுறை தவறினால் வேலை ஓர் ஆண்டு தள்ளிப்போகிறது. அதற்குள் விலை ஏறுகிறது, பழைய மதிப்பீட்டுக்கு ஒப்பந்தக்காரர் வருவதில்லை, நிதியாண்டு முடிகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்க ஒன்றிய அரசு பள்ளிகளுக்கு அளித்த ஏறத்தாழ 19,000 கோடி டாலர் அவசர நிதியிலிருந்து பல மாவட்டங்கள் காற்றோட்டச் சாதனங்களை மாற்ற முயன்றபோதும், காலக்கெடுதான் அவர்கள் கழுத்தை நெரித்தது. பழுதுபார்ப்பு நிதி ஆண்டு முடிவில் காலாவதியாகாமல் அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லப்பட வேண்டும் என்ற ஒரே ஒரு விதி மாற்றம், கூடுதலாக ஒரு காசும் கேட்காமல் பல கூரைகளைக் காப்பாற்றும்.

எந்தக் கட்டடம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் இதையெல்லாம் பேசுவதில் பயனில்லை என்று ஒருவர் சொன்னால், அது சரிதான். ஆனால் எப்படிப்பட்ட ஆய்வு என்பதையும் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் 2017 முதல் 2019 வரை ஏறக்குறைய எல்லா அரசுப் பள்ளிகளிலும் கட்டட நிலை ஆய்வு நடந்தது. சேர்ந்திருந்த பழுதுகளைத் தீர்க்க 1,140 கோடி பவுண்டு தேவை என்று அதில் தெரியவந்தது. ஆனால் அது கண்ணால் பார்த்துக் குறிக்கும் ஆய்வு. பொய்க்கூரைக்கு மேல் மறைந்திருந்த காற்றூட்டிய கான்கிரீட்டை அது காணவில்லை. புதிய கட்டடம் என்பதும் உத்தரவாதம் ஆகாது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 2016 ஜனவரிப் புயலில் ஏறக்குறைய 10 ஆண்டுகளே ஆன ஒரு தொடக்கப் பள்ளியின் சுவரிலிருந்து 9 டன் எடையுள்ள செங்கல் வேலை சரிந்தது. சுவரின் இரு அடுக்குகளைப் பிணைக்கும் கம்பிகள் போதிய ஆழத்துக்குப் பதிக்கப்படாததே காரணம் என்று விசாரணையில் தெரிந்து, நகரில் 17 பள்ளிகள் மூடப்பட்டன. கட்டும்போது மேற்பார்வையிட ஆள் வைக்காமல் மிச்சப்படுத்திய பணம் இப்படித் திரும்பி வந்தது.

ஆய்வு முடிவை என்ன செய்கிறார்கள் என்பதில் ஜப்பானைப் பார்க்க வேண்டும். 2002இல் அங்கே அரசுத் தொடக்க, இடைநிலைப் பள்ளிக் கட்டடங்களில் நிலநடுக்கம் தாங்கக்கூடியவை 44.5 விழுக்காடு மட்டுமே. 2008 மே மாதத்தில் சீனாவின் சிச்சுவானில் நிலநடுக்கம் வந்து, பள்ளிகள் இடிந்து ஏராளமான குழந்தைகள் இறந்ததைப் பார்த்த ஜப்பானிய நாடாளுமன்றம் அடுத்த மாதமே சட்டத்தைத் திருத்தியது. மிக ஆபத்தான கட்டடங்களை வலுப்படுத்தும் செலவில் மத்திய அரசின் பங்கு பாதியிலிருந்து மூன்றில் இரண்டாக உயர்ந்தது. அதோடு, ஒவ்வொரு கட்டடத்தின் ஆய்வு முடிவையும் உள்ளாட்சி அமைப்புகள் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும் என்பதும் சட்டமாயிற்று. 2016க்குள் அந்த விழுக்காடு 98ஐத் தாண்டியது. தன் குழந்தை உட்காரும் கட்டடத்தின் பெயருக்கு நேரே 'வலுவற்றது' என்று அச்சாகியிருப்பதைப் பார்த்த பெற்றோர் நகர்மன்றத்தில் வந்து நின்றால், அந்த ஆண்டு பட்ஜெட்டில் அந்த வரியை வெட்டுவது யாருக்கும் எளிதாக இருக்காது. பேரிடர்க் காலத்தில் ஊரே தங்குமிடம் தேடி வருவது பள்ளிக்கூடத்துக்குத்தான் என்பதால், குழந்தை இல்லாதவர்களுக்கும் இந்தச் செலவை எதிர்க்கக் காரணமில்லை. கலிஃபோர்னியாவில் 2004இல் ஒரு வழக்கின் சமரசத்துக்குப் பிறகு, கட்டடக் குறைகளைப் பற்றி எப்படிப் புகார் அளிக்கலாம் என்ற அறிவிப்பை வகுப்பறைக்குள்ளேயே ஒட்டிவைக்க வேண்டும் என்ற விதி வந்தது. அதுவும் இதே வகைதான்.

கடைசியாக ஓர் எதிர்வாதம் உண்டு. நிதித்துறையில் இருப்பவர்கள் தவறாமல் எடுத்து வைப்பது. பல நாடுகளில் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்துவருகிறது, சில ஆண்டுகளில் மூடப்போகும் பள்ளிக்கு எதற்குப் புதுக்கூரை என்பார்கள். வாதம் தவறு என்று ஒரே வரியில் தள்ள முடியாது; எல்லாக் கட்டடங்களையும் காப்பாற்றப் பார்த்தால் எதையும் ஒழுங்காகக் காப்பாற்ற முடியாமல் போகும். ஆனால் நடைமுறையில் மூடுவது என்ற முடிவை யாரும் எழுத்தில் எடுப்பதில்லை. பழுதுபார்ப்பை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். ஓதம் ஏறிய சுவரையும் பூட்டிய கழிப்பறையையும் பார்க்கும் பெற்றோர் குழந்தையை வேறு பள்ளிக்கு மாற்றுகிறார்கள், எண்ணிக்கை மேலும் குறைகிறது, குறைந்த எண்ணிக்கையைக் காட்டி அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டை மறுக்கிறார்கள். மூடுவதுதான் முடிவு என்றால் அதைக் காரணத்தோடும் தேதியோடும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்தத் தேதி வரையில் கூரை, மின்கம்பிகள், கழிப்பறை, அவசர காலத்தில் வெளியேறும் வழி ஆகிய நான்குக்குமான பணம் முழுமையாகத் தொடர வேண்டும். வண்ணம் பூசுவதையும் புதிய தரை போடுவதையும் வேண்டுமானால் நிறுத்திக்கொள்ளட்டும்.